முதல் உயிர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு சர்க்கரை மாத்திரையில் ஆரம்பித்து முழங்கால் வலியில் முடிகிறது. நடுவில் கொஞ்சம் இடம் கிடைத்தால் யாராவது ஒருவர் சின்ன வயதில் ஆடிய வீடியோ கேமைப் பற்றி எடுத்துவிடுவார். உடனே எல்லாருக்கும் முகம் தெளிந்துவிடும். டிவிக்குப் பின்னால் ஒயர் செருகியது, கார்ட்ரிட்ஜை வாயால் ஊதியது, செல்லைக் கடித்துக் கடித்து உயிர் கொடுத்தது என்று வரிசையாக வரும். நானும் என் பங்குக்கு ஒரு ஜப்பான் பெட்டியைப் பற்றிச் சொல்வேன். மூக்கு நோண்டும் விளையாட்டு, வழுக்கைத் தலையில் ஈ அடிக்கும் விளையாட்டு என்று சொல்லச் சொல்லச் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். மிச்சத்தை இதுவரை முழுசாக யாருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி. எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு ஏழு. பழங்காநத்தத்தில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். கீழே ஐந்து வீடு, மாடியில் ஹவுஸ் ஓனர் குடும்பம். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு அடிபம்பு, ஒரு துவைக்கிற கல், பின்பக்கம் வரிசையாக இரண்டு கக்கூஸ். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் ஐந்து வீட்டுச் சோற்றிலும் அதே வாசனை. யார் வீட்டில் சண்டை, யாருக்கு வயிற்றுப்போக்கு என்பது வரை எல்லாருக்கும் தெரியும். எங்களைப் பற்றி மட்டும் பெரியவர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போனது எப்படி என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

அம்மாவின் தம்பி கப்பலில் வேலை பார்த்தார். அந்தத் தீபாவளிக்கு லீவில் வந்தபோது பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் மடியில் போட்டார். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. சாம்பல் நிறம். ஓரங்களில் யாரோ ஒரு ஜப்பான் பையனின் கைபட்டுப் பட்டு மஞ்சள் ஏறியிருந்தது. மூக்கின் பக்கத்தில் வைத்தால் பழைய ரப்பர் செருப்பும் மீனெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும்.

"பழைய சாமான் கடையில கெடந்துச்சு மருமகனே. ஓடுதான்னு பாத்துத்தான் எடுத்தேன். பாத்து வச்சுக்க, கெட்டா இங்க ரிப்பேர் பண்ண ஆள் கெடையாது" என்றார் மாமா.

அதில் ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ். பச்சை நிறம். மேலே வெங்காயம் போல் தலை வைத்த நாலு பொம்மைகள் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் படம், அதைச் சுற்றிலும் ஜப்பான் எழுத்து. மாமாவுக்கும் படிக்கத் தெரியாது. சண்டை போடுகிற கேமாக இருக்கும் என்று நினைத்துத்தான் செருகினேன். போட்டதும் திரையில் ஒரு பெரிய மூக்கு வந்தது. ஒரு விரல் ஆடிக்கொண்டே மேலே போனது. என்ன ஏது என்று புரிவதற்குள் 'டொய்ங்' என்று சத்தம் கேட்டு, கீழே வரிசையாக நின்ற நாலு வெங்காயத் தலைகளில் முதலாவதுக்கு இறக்கை முளைத்தது. கண்ணை மூடிக்கொண்டு மேலே பறந்து போய்விட்டது.

அது ஒரு விளையாட்டு இல்லை, நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி விளையாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடிதான். திரையின் ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தி உருகும், அது தீர்வதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும். பல்லுக்குப் பற்பசை பிதுக்க வேண்டும். தாத்தாவின் வழுக்கையில் உட்கார்ந்த ஈயை அடிக்க வேண்டும், தாத்தாவை அடித்துவிடக் கூடாது. தும்மல் வருகிற அம்மாவின் மூக்குக்குக் கீழே கைக்குட்டையைப் பிடிக்க வேண்டும். மேலிருந்து விழும் மீனைப் பூனை வாயில் வாங்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று ஆரம்பத்தில் ஒரே ஒரு வார்த்தை மின்னி மறையும். அதைப் படிக்கத் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். எங்களுக்குத் தெரியாததால் ஒவ்வொரு விளையாட்டையும் ஒரு தடவை தோற்றுத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நாலு தோல்விக்கு நாலு பொம்மையும் பறந்துவிடும். பிறகு முதலிலிருந்து.

திரைக்கு உள்வெளிச்சம் கிடையாது. பாசி படிந்த தண்ணீர் மாதிரி ஒரு பச்சை. வீட்டுக்குள் வைத்து ஆட முடியாது, டியூப்லைட்டில் கண்ணாடிதான் பளபளக்கும். மாடிப்படியில் ஐந்தாவது படியில் சாயங்காலம் மூன்றரையிலிருந்து ஐந்து வரை சாய்வாக வெயில் விழும். அங்கே ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால்தான் தெரியும். என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இது முக்கியமான விஷயம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பக்கத்தில் உட்கார நாலு பேருக்குத்தான் இடம். அந்த நாலு பேரும் அந்த நாலு பொம்மைகள் என்று ஒரு யோசனை வந்தது. என் யோசனைதான், யார் மேலும் பழி போட முடியாது. நான் ஆடுவேன். நான் தோற்றால் வரிசைப்படி ஒருவர் சாவார். நாலாவது இடம், அதாவது கடைசியாகச் சாகிற இடம், ஹவுஸ் ஓனர் மகனுக்கு. படி அவர்கள் வீட்டுப் படியாயிற்றே. மூன்றாவது கண்டக்டர் மகன். இரண்டாவது என் தங்கச்சி. முதல் இடத்தில் யார் என்பதற்குச் சீட்டுக் குலுக்கவில்லை. டெய்லர் மகள் என்று நானே முடிவு செய்தேன்.

அவளுக்குப் பத்து வயது. ஒல்லி. அப்பா வெட்டிப் போடும் துணிகளில் தைத்த பாவாடை, முன்பக்கம் ஒரு பூ, பின்பக்கம் வேறு பூ. கடைசி வீடு. அவளுடைய அப்பாவுக்கு அரை மைல் தள்ளிப் பெரிய ரோட்டில் ஒரு தையல் கடை. அம்மா மாசமாக இருந்தாள். காம்பவுண்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதனால்தான் அவளை முதல் இடத்தில் வைத்தேன் என்று மற்றவர்களிடம் சொன்னேன். அது பொய். பெட்டி வந்த முதல் வாரம், இந்த உயிர் ஏற்பாடெல்லாம் வருவதற்கு முன்னால், எல்லாருக்கும் ஒரு ஆட்டம் கொடுத்தேன். ஹவுஸ் ஓனர் மகன் ஆறு தாண்டினான். நான் அதிகபட்சம் பதினேழு. அவள் முதல் தடவையாகக் கையில் வாங்கி முப்பத்தொன்று தாண்டினாள். திரையை முறைக்கவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி அமைதியாக உட்கார்ந்து ஆடினாள். முடித்துவிட்டு, "நல்லாருக்குண்ணே" என்று பெட்டியை என்னிடம் நீட்டினாள். அதற்குப் பிறகு நான் அவள் கையில் அதைக் கொடுக்கவே இல்லை.

செத்தவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. நீங்கள் எல்லாரும் கா விட்டிருப்பீர்கள், பழம் விட்டிருப்பீர்கள். கட்டை விரலை மோவாயில் வைத்துக் கா, இரண்டு விரலை நீட்டிப் பழம். எங்கள் சட்டம் அதைவிடக் கொஞ்சம் கடுமை. செத்தவர் யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. அவர் பேசினால் யார் காதிலும் விழக் கூடாது. மேலே இடித்தால்கூட இடிக்காத மாதிரி போக வேண்டும். மறுநாள் காலை ஸ்கூலுக்குக் கிளம்பும்போது கேட் பக்கத்தில் நின்று நான் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் உயிர் வந்துவிடும். பெட்டி என்னுடையது, அதனால் கூப்பிடும் உரிமையும் என்னுடையது. வேறு யார் கூப்பிட்டாலும் செல்லாது. செத்தவரை எங்களில் யாராவது பார்த்துவிட்டால், பேசிவிட்டால், அவர்கள் அன்றைக்கு ஐந்தாவது படிக்கு வரக் கூடாது.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. கண்டக்டர் மகன் செத்த அன்று எங்கள் முன்னால் நின்று டான்ஸ் ஆடுவான், நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்க்காத மாதிரி இருப்போம். தங்கச்சி செத்தால் வீட்டில் மட்டும் விதிவிலக்கு, இல்லாவிட்டால் அம்மாவிடம் மாட்டிக்கொள்வோம். டெய்லர் மகளும் முதலில் சிரித்தாள். ஆனால் முதல் உயிர் தினமும் சாகும். மற்றவர்கள் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் செத்தார்கள். அவள் தினமும் செத்தாள். நான் வேண்டுமென்றே தோற்றேனா என்று கேட்கிறீர்களா? சில நாள் ஆமாம். முதல் மூக்கிலேயே விரலை நிறுத்திவிடுவேன். டொய்ங். அப்புறம் கவனமாக ஆடுவேன்.

பிறகு காலையில் கூப்பிடுவதையும் தள்ளிப்போட ஆரம்பித்தேன். கேட் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு அவள் நிற்பாள். நான் மற்றவர்கள் பேரைச் சொல்வேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "சரி, போலாம்" என்று நடந்துவிடுவேன். அவள் பத்தடி தள்ளிப் பின்னாலேயே வருவாள். ஒரு தடவை இரண்டு நாள். இன்னொரு தடவை ஐந்து நாள். மார்கழியில் ஒரு தடவை ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் கூப்பிட்டபோது அவள் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் ஒன்பது நாள் காத்திருந்தேன் போல. அவ்வளவு சந்தோஷத்தை ஒரு ஆளுக்கு என்னால் கொடுக்க முடிகிறது என்பது பதினொரு வயதில் லேசான விஷயம் இல்லை.

ஏன் அவள் வந்தாள், விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். போக இடம் இல்லை. காம்பவுண்டில் வேறு பிள்ளைகள் கிடையாது. தவிர, பக்கத்தில் உட்கார்ந்தால் திரை தெரியும். சாகிற வரைக்கும் தெரியும். என் விரல் தப்பான பக்கம் போகும்போது அவள் மூச்சை இழுத்துக்கொள்வது என் காதில் விழும். அவளுக்கு எல்லா விளையாட்டும் தெரியும். பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள்.

செத்த நாட்களில் எங்களைப் பேச வைக்க அவள் சில தந்திரம் செய்து பார்த்தாள். "ஒங்கம்மா கூப்பிடுறாக" என்பாள். "படியில பாம்புடா" என்பாள். ஒரு தடவை தங்கச்சி பாம்புக்குப் பயந்து குதித்துவிட்டாள். அன்றைக்குத் தங்கச்சியைப் படியிலிருந்து துரத்திவிட்டேன். இதை எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, பின்னால் நடந்ததற்கு ஒரு சாக்கை இங்கேயே தயார் செய்து வைக்கிறேன் என்று.

தை மாதம் தெப்பத் திருவிழா. ஸ்கூலுக்கு உள்ளூர் விடுமுறை. காம்பவுண்டில் பெரியவர்கள் எல்லாரும் மத்தியானமே வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். கூட்டத்தில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அல்லாட வேண்டாம் என்று நாங்களே வீட்டில் இருக்கிறோம் என்று சொன்னது அம்மாவுக்கு நிம்மதி. ஹவுஸ் ஓனர் அம்மா மாடி வீட்டுச் சாவியை மகன் கையில் கொடுத்து, "எதுவும்னா ஒங்கப்பா ஆபீசுக்கு ஃபோன் போடு, நம்பர் செவத்துல எழுதியிருக்கு" என்றாள். காம்பவுண்டிலேயே அந்த ஒரு ஃபோன்தான். டெய்லர் மனைவிக்கு ஏழாம் மாதம், கூட்டத்துக்குப் போகக் கூடாது. டெய்லருக்குக் கடையில் வேலை. ஆக, காம்பவுண்டில் நாங்கள் நாலு பேர், கடைசி வீட்டில் அவளும் அவள் அம்மாவும்.

அவள் அன்றைக்குச் செத்து நாலாவது நாள்.

புது செல் போட்டிருந்தேன். வெயில் ஐந்தாவது படிக்கு வந்திருந்தது. முதல் உயிர் இல்லாததால் கண்டக்டர் மகனை அந்த இடத்துக்கு மாற்றி வைத்திருந்தேன். இருபத்து நாலு தாண்டிவிட்டேன், என் வாழ்க்கையிலேயே அதிகம். அப்போது பின்பக்கமிருந்து அவள் ஓடிவந்தாள்.

"எங்கம்மா கல்லுக்கிட்ட விழுந்துட்டாங்க. எந்திரிக்க முடியல. ஃபோன் பண்ணணும்" என்றாள்.

யாரும் நிமிரவில்லை. மீன் விழுந்தது, பூனை வாயில் வாங்கினேன்.

"அண்ணே, சத்தியமாண்ணே. ரத்தமா வருது. சாவி குடுங்க, நானே பண்றேன்."

ஹவுஸ் ஓனர் மகன் அரை உடம்பு திரும்பினான். "மாப்ள..." என்று மெதுவாக என்னைப் பார்த்தான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரும் வரலையே. நீ யார்ட்டடா பேசுற?" என்றேன். அவன் திரும்பிக்கொண்டான்.

அவள் எங்கள் முன்னால் வந்து நின்றாள். வெயிலை மறைத்துக்கொண்டு நின்றதால் திரை இருண்டுவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. இருபத்தாறில் வெயில் போய்விட்டதே என்று எரிச்சலில் பெட்டியை இந்தப் பக்கம் சாய்த்தேன். தங்கச்சி அழ ஆரம்பித்தாள். தொடையில் கிள்ளினேன். அவள் அழுகையை விழுங்கினாள்.

பாம்பு மாதிரி இதுவும் தந்திரம் என்று நினைத்துவிட்டேன். இப்படித்தான் நானே எனக்குச் சொல்லிவந்திருக்கிறேன். ஆனால் தலையைக் குனிந்திருந்த எனக்கு அவளுடைய பாவாடையின் ஓரம் தெரிந்தது. ஈரம். பூப்போட்ட துணியில் அந்த ஈரம் தண்ணீர் நிறத்தில் இல்லை. அவள் கால் ஈரமாகப் படிந்த இடம் சிமெண்டில் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஈயை அடித்தேன்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் ஐந்தாறு விளையாட்டு வந்து போயின. ஒன்றுக்கு ஐந்து விநாடி. பிறகு கேட் இரும்பு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. செருப்பில்லாமல் அரை மைல் ஓடி அப்பா கடைக்குப் போயிருக்கிறாள். அவர் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தபோது நாங்கள் படியில் இல்லை. ஹவுஸ் ஓனர் மகன் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நானும் தங்கச்சியும் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். டெய்லர் தன் மனைவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார். அவர் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டே இருந்தது.

அவள் அம்மா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. ஒரு அரைமணி முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் ஏதோ சொன்னார்களாம். அது உண்மையா, சும்மா சொன்னதா, எனக்குத் தெரியாது. காம்பவுண்டு முழுக்க அந்த அரைமணியைப் பிடித்துக்கொண்டது.

"பசங்க அங்கனதானே இருந்தாங்க. மாடியில ஃபோன் இருக்குல்ல. இம்புட்டுத் தூரம் ஓடுன புள்ள அவங்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று என் அம்மா கேட்டாள்.

டெய்லர் மகள் சொன்ன பதிலை எல்லாரும் கேட்டோம். "போயி நின்னேன். சொன்னேன். அவுகளுக்கு நான் தெரியல. பேசுனது கேக்கல."

டெய்லர் எங்கள் நாலு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். மிரட்டவில்லை. கண் சிவந்திருந்தது, குரல் தணிவாகத்தான் இருந்தது. "தம்பி, பாப்பா ஒங்கள்ட்ட வந்துச்சா?"

"வரலண்ணே" என்றேன். ஹவுஸ் ஓனர் மகனும் வரவில்லை என்றான். கண்டக்டர் மகனும். தங்கச்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னதில் பெரியவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நல்ல பிள்ளைகள் பொய் சொல்வார்களா.

அன்றிலிருந்து கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. அம்மா கூப்பிட்டால் திரும்பமாட்டாள், அப்பா கூப்பிட்டால் திரும்பமாட்டாள், டீச்சர் வருகைப் பதிவில் பேர் வாசித்தால் பதில் வராது. தோளைத் தொட்டால் பார்ப்பாள், சோறு வைத்தால் சாப்பிடுவாள். காலையில் மட்டும் பையை மாட்டிக்கொண்டு கேட் பக்கத்தில் வந்து நிற்பாள். நான் பின்பக்கச் சந்து வழியாக ஸ்கூலுக்குப் போகப் பழகிக்கொண்டேன். அவள் நிஜமாகவே தான் செத்துவிட்டதாக நம்பினாளா, இல்லை எங்கள் சட்டத்தை எங்களுக்கே திருப்பிக் காட்டினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்குப் பத்து வயதுதான்.

பெரியவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். வெயிலில் ஈரத்தோடு ஓடியிருக்கிறாள். பிள்ளைகள் முன்னால் நின்றேன், யாருக்கும் தெரியவில்லை என்கிறாள். சொந்தப் பேருக்குத் திரும்பவில்லை. வயிற்றுப் பிள்ளையையும் காவு வாங்கியாயிற்று. "இது காத்துக் கருப்பு வேலதான்" என்று ஹவுஸ் ஓனர் அம்மா சொன்னாள். இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள்.

அடிபம்புக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, முடியை விரித்துவிட்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகையில் எல்லாருக்கும் கண் எரிந்தது. கோடாங்கி பெரிய மீசைக்காரர் எல்லாம் இல்லை, நம் வீட்டு மாமா மாதிரி ஒரு ஆள், வேட்டி மடிப்பில் மூக்குப்பொடி டப்பா. உடுக்கையை அடித்துக்கொண்டே கேட்டார்.

"யாரு நீ? பேரைச் சொல்லு."

ஈர வேப்பங்கொத்தால் அவள் முதுகில் ஒரு அடி விழுந்தது.

"பேரைச் சொல்லு. எங்கேருந்து வந்த?"

"நான் சொல்லக் கூடாது" என்றாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பேய் பேச ஆரம்பித்துவிட்டது.

"ஏன் சொல்லக் கூடாது?"

"சொன்னாச் செல்லாது."

வேப்பங்கொத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியானதும் அவர் பிரம்பை எடுத்தார். டெய்லர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்க அவளுக்குத் தெம்பில்லை. நாலு அடி, ஐந்து அடி. அவள் அழும்போது குரல் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"ஒனக்கு என்ன வேணும்? என்ன குடுத்தாப் போவ? கோழி வேணுமா, சேலை வேணுமா?"

அவள் தலையை நிமிர்த்திக் கூட்டத்தைத் துழாவினாள். அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். கையை நீட்டினாள்.

"அவன் எம்பேரைச் சொல்லிக் கூப்பிடணும். ஒரு தடவை. அம்புட்டுத்தான்."

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உடுக்கைகூட நின்றுவிட்டது. அம்மா பதறிப்போய் என்னைத் தன் பக்கம் இழுத்தாள். "டேய், வாயைத் தெறக்காத. கூப்பிட்டா ஒம்மேல ஏறிரும்."

"ஆமாத்தா, பையனை அங்கிட்டுக் கூட்டிட்டுப் போ. ஆள் புடிக்கப் பாக்குது" என்றார் கோடாங்கி.

என் மனைவியிடம் இந்தக் கதையைப் பாதி சொல்லியிருக்கிறேன். அம்மா என் வாயைப் பொத்திவிட்டாள், என்னால் பேச முடியவில்லை என்று அவளிடம் சொன்னேன். பொத்தவில்லை. அம்மாவின் கை என் தோளில் இருந்தது. வாய் சும்மாதான் இருந்தது. ஒரு பேர், மூன்று எழுத்து, சொல்வதற்கு ஒரு விநாடி போதும். சொல்லியிருந்தால் அவள் "ஆங்" என்று எழுந்து நின்றிருப்பாள், அடி நின்றிருக்கும். அடுத்து டெய்லர் என் பக்கம் திரும்பி, ஏன் தம்பி உன்னைக் கேட்கிறாள் என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். அது மட்டும் என்றால்கூட என்னை நான் மன்னித்துவிடுவேன். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவில், அவ்வளவு அடிக்குப் பிறகும், அவளுக்கு என் வாய்தான் வேண்டியிருந்தது என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இருந்தது.

அம்மா என்னை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வெளியே மறுபடி உடுக்கை ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கோடாங்கி தானே ஒரு பேரைச் சொன்னார், போன வருஷம் பெரிய ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்த ஒரு பெண்ணின் பேர். "அவதானே நீ?" என்றார். பிரம்புச் சத்தம். "அவதானே?" பிரம்புச் சத்தம். மூன்றாவது தடவை அவள் "ஆமா" என்றாள். காம்பவுண்டே பெருமூச்சு விட்டது. உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்து, தெருக்கோடிப் புளிய மரத்தில் ஆணி வைத்து அடித்தார்கள். அடிக்கிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு கூப்பிட்டால் அவள் திரும்பினாள். குணமாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். என் அம்மா கோடாங்கியின் கைராசியைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஆனால் அவள் காலையில் கேட் பக்கம் வந்து நிற்பதை நிறுத்திவிட்டாள். ஐந்தாவது படிக்கும் வரவில்லை. முதல் உயிராக உட்கார யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கண்டக்டர் மகன் வீட்டுப்பாடம் இருக்கிறது என்றான். ஹவுஸ் ஓனர் மகன் படியில் உட்காரக் கூடாது என்று அப்பா சொன்னதாகச் சொன்னான். நான் தனியாக ஆடிப் பார்த்தேன். தும்மலைப் பிடிக்கும்போது பக்கத்தில் மூச்சை இழுக்க ஆள் இல்லை. கோடை வருவதற்குள் அம்மா செல்லைக் கழற்றிக் கடிகாரத்துக்குப் போட்டுவிட்டாள். பெட்டி எங்கே போனது என்று தெரியவில்லை. வீடு மாறியபோது பழைய பேப்பரோடு போயிருக்கலாம். அவளுடைய முப்பத்தொன்றை நான் கடைசிவரை தாண்டவில்லை. அன்று வெயிலை மறைத்தபோது இருபத்தாறு, அவள் கேட்டைச் சாத்தும்போது முப்பது. அடுத்த மூக்கில் விரல் நின்றுவிட்டது.

பங்குனியில் டெய்லர் குடும்பம் காலி செய்தது. கோச்சடைப் பக்கம் போகிறார்கள் என்றார்கள். டிரைசைக்கிளில் தையல் மிஷினைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள், அதன் மேல் பாய், பாயின் மேல் அவள். வண்டி கேட்டைத் தாண்டும்போது நான் அங்கேதான் நின்றேன். என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்த்திருந்தால் கூப்பிட்டிருப்பேன் என்றும் நினைத்துக்கொண்டேன். அவள் பார்வை என் முகத்தின் மேல் வந்தது, அங்கே ஒன்றும் இல்லாத மாதிரி பின்னால் இருந்த சுவருக்குப் போனது. சட்டத்தை எங்கள் எல்லாரையும்விட அவள்தான் சரியாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

போன மாதம் தங்கச்சி ஃபோன் செய்தாள். அவள் மகளுக்குப் பத்து வயது, ஸ்கூலில் பிள்ளைகள் சேர்ந்துகொண்டு பேசாமல் ஒதுக்குகிறார்களாம், ராத்திரி அழுகிறாளாம். கொஞ்ச நேரம் அதைப் பற்றிப் பேசினோம். ஃபோனை வைக்கப்போகிற நேரத்தில் கேட்டாள்.

"அண்ணே, அந்த டெய்லர் மக பேரு என்னண்ணே? ரெண்டு நாளா யோசிக்கிறேன், வர மாட்டேங்குது."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. ஐந்து விநாடி இருக்கும்.

"எனக்கும் மறந்துபோச்சு" என்றேன்.